பத்தொன்பது வாரக் கூலி

கிடங்குக்காரர் சிவப்புக்குடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியது பத்தொன்பது வாரக் கூலி. வாரத்துக்குச் சராசரி அறுபது ரூபாய். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது. நாற்பத்தொரு வருஷமாக அந்தப் பாக்கி அப்படியே நின்றது. கொடுக்க வேண்டியவர் எப்போதோ மறந்துபோனார். வாங்க வேண்டியவர் ஒரு நாள்கூட மறக்கவில்லை.

சிவப்புக்குடைக்காரர் யார் என்று அந்தத் துறைமுகப் பட்டணத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற வழிகாட்டிகள் அங்கே ஏழு பேர். அதில் ஆறு பேர் படித்தவர்கள். கழுத்தில் அட்டை, கையில் புத்தகம், பேசினால் வருஷக்கணக்கு. ஏழாவது ஆள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கையெழுத்துப் போடச் சொன்னால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் போடுவார். ஆனால் தலைக்கு மேலே அந்தச் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாயைத் திறந்தால், மற்ற ஆறு பேருடைய கூட்டமும் கால்வாசி அவர் பக்கம் நழுவிவிடும். கடற்கரைச் சாலையில் மூன்று அறை வீடு, குளியலறை முழுக்கப் பளிங்கு ஓடு, பிள்ளைகள் இரண்டு பேரும் பட்டதாரிகள். அத்தனையும் வாயால் சம்பாதித்தது.

அவரிடம் இன்னொரு வித்தை உண்டு. கூட்டத்தைப் பார்த்துப் பேசியபடியே பின்னோக்கி நடப்பார். எத்தனை படி, எத்தனை வளைவு, எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். "எப்படிங்க தடுக்காம நடக்கறீங்க?" என்று கேட்காத ஆளே கிடையாது.

"இந்தக் கல்லெல்லாம் எனக்குச் சொந்தக்காரங்க. நாலு வருஷம் தலையைக் குனிஞ்சு இதுங்களைத்தானே பார்த்துக்கிட்டு நடந்தேன்" என்பார்.

அது வெறும் பேச்சில்லை. பதினெட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை அந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் அவர். படகுத்துறையிலிருந்து முப்பத்தேழு படி மேலே ஏறி, கயிற்றுக்கடைச் சந்துக்குள் புகுந்து, கிடங்குக்காரருடைய கிடங்கு வரை. சுமக்கிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்ப்பார்கள். அப்போது அவருக்கு 'வாயாடி' என்று பெயர்.

கூலி எடைக்கணக்கு. ஒவ்வொரு மூட்டையும் கிடங்கு வாசலில் இருக்கும் பெரிய இரும்புத் தராசில் ஏறி இறங்கும். இத்தனை கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்வார்கள். எழுதிய கூலியை வாராவாரம் கையில் கொடுப்பதில்லை. கப்பல் வரும் பருவம் முடிந்த பிறகுதான் மொத்தமாக எண்ணிக் கொடுப்பது. அந்தத் துறைமுகத்தில் எல்லாக் கிடங்கிலும் அதுதான் வழக்கம். பாதியில் விட்டுவிட்டுப் போகாமல் ஆட்களைக் கட்டிவைக்க முதலாளிமார் கண்டுபிடித்த கயிறு அது.

நாலாவது வருஷப் பருவத்தின் பத்தொன்பதாவது வாரத்தில் ஒரு நாள், ஐம்பது கிலோ என்று முத்திரை குத்திய பெட்டி ஒன்று கப்பலிலிருந்து வந்தது. தராசு நாற்பத்து நான்கு என்றது. வாயாடி பெட்டியை இறக்கி வைத்தார். தராசின் மரப்பெட்டிக்குப் பின்னால் கைமுட்டி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே எட்டிப் பார்த்தார். எடைக்கம்பியின் வாலில் ஒரு கொக்கி. கொக்கியில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஓர் ஈயக்கட்டி. மூட்டைக்கு ஆறு கிலோவை அது தின்றுகொண்டிருந்தது.

வாயாடி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? கிடங்கே அதிரக் கத்திவிட்டார்.

கிடங்குக்காரர் கத்தவில்லை. விரலைச் சொடுக்கினார், அவ்வளவுதான். "தராசைக் கெடுத்தவனே இவன்தான். வெளியே தள்ளுங்கடா" என்றார். பத்தொன்பது வாரக் கூலியும் அந்தச் சொடுக்கோடு போயிற்று. பிறகு எடை அதிகாரி விசாரணைக்கு வந்தபோது, எல்லாம் கணக்குப்பிள்ளையின் வேலை, நான் தராசைத் தொட்டதே இல்லை என்று கைவிரித்துவிட்டார். கணக்குப்பிள்ளையின் வேலையும் போனது. கிடங்குக்காரர் இரண்டு வருஷத்தில் நல்ல விலைக்குக் கிடங்கை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

வாயாடிக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து மாதம். பருவம் முடிந்து பணம் வரும் என்று நம்பி ஊரெல்லாம் கைமாற்று வாங்கியிருந்தார்கள். அதை அடைத்தது அவருடைய மனைவி. மாலுமிகள் தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கப் போனார். தினமும் எண்பது விரிப்பு. அந்தக் காரச் சோப்பில் உள்ளங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. ஒன்றரை வருஷம் துவைத்தார். அதே சமயம் கணவர் கடல் சுவரில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். சொன்ன வழி சுவாரசியமாக இருந்ததால் கூடவே வரச் சொன்னார்கள். கூடவே போனதால் காசு கொடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் சிவப்புக்குடை.

பல வருஷம் கழித்துப் பழைய கிடங்கை நகரசபை வாங்கிக் காட்சிசாலை ஆக்கியபோது, துருப்பிடித்துக் கிடந்த தராசைப் பழைய இரும்புக்கடைக்குப் போகவிடாமல் தடுத்தவர் இவர்தான். விசாரணை ஓய்ந்ததும் மறுபடி மாட்டிய ஈயக்கட்டி மரப்பெட்டிக்குள் அப்படியே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொடவிடவில்லை. காட்சிசாலையில் டிக்கெட் கொடுக்கும் வேலை மனைவிக்குக் கிடைத்தது. இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்புக்குடைக்காரர் வருகிற கூட்டத்தையெல்லாம் அந்தத் தராசில் ஏற்றி, ஆறு கிலோவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் ஒரே ஆசை: கேட்க வேண்டிய காது ஒரு நாள் இந்தக் கூட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

அந்தக் காது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது.

பழைய சுங்கச் சாவடிக்கு முன்னால் வேனிலிருந்து முதலில் பதினோரு பேர் இறங்கினார்கள். பேசினவர் நாற்பத்தைந்து வயதுக்காரர். "எங்க அப்பாவுக்கு இங்கதாங்க வியாபாரம் இருந்துச்சு. பொண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடிச்சிருக்கோம். சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு அப்பாவோட கிடங்கைக் காட்டணும். அப்பாவுக்கு முட்டி வலி, கொஞ்சம் மெதுவா போங்க."

வேனின் முன் இருக்கையிலிருந்து கடைசியாக ஒரு கிழவர் இறங்கினார். எண்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளித் தடி. தலைமுடி போயிருந்தது, தொந்தி போயிருந்தது, ஆள் பாதியாக வற்றியிருந்தார். சிவப்புக்குடைக்காரருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அப்போது கிழவர் விரலைச் சொடுக்கினார்.

"இந்தாப்பா குடை. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடணும், என்ன?"

சிவப்புக்குடைக்காரருக்குப் பின்கழுத்தில் மயிர் சிலிர்த்தது. நாற்பத்தொரு வருஷத்தில் ஒரு மனிதனுடைய எல்லாம் மாறலாம். சொடுக்கு மாறாது. அந்தக் கணமே குடையைச் சுருட்டி மண்டையில் ஒன்று போடலாம் என்று கை பரபரத்தது. போட்டால் என்ன ஆகும்? போலீஸ் வரும், கிழவர் மேல் எல்லோருக்கும் இரக்கம் வரும். இரக்கம் என்கிற ஒரு துளிகூட அந்த ஆளுக்குக் கிடைத்துவிடக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"அதுக்கென்னங்க ஐயா, உங்களை நான் நல்லா கவனிச்சு அனுப்பறேன்" என்றார்.

வழக்கமாகக் கூட்டத்தை நிழல் சாலையில்தான் கூட்டிப்போவார். அன்றைக்கு நேராகப் படகுத்துறைக்கு இறக்கினார். இறக்கிவிட்டு, "இந்த முப்பத்தேழு படியை ஏறினாத்தான் பழைய துறைமுகத்தைப் பார்த்த மாதிரி" என்றார். சம்பந்தி துள்ளிக் குதித்தார். அவர் பலசரக்கு மொத்தக்கடைக்காரர். நல்ல ஆகிருதி, அதைவிடப் பெரிய சிரிப்பு.

"ஏறிடுவோம்! நம்ம கொழுப்பு கொஞ்சம் கரையட்டும்."

"முட்டி வலிங்கறேன்…" என்று இழுத்தார் கிழவர்.

"மெதுவா வாங்க ஐயா, மெதுவா. அறுபது கிலோ மூட்டையோட ஒரு நாளைக்கு நாப்பது தடவை ஏறினவங்களே இருந்தாங்க. உங்களுக்குத் தெரியாததா?"

பதினைந்தாவது படியில் கிழவர் நின்றார். இருபத்தாறில் உட்கார்ந்தார். சிவப்புக்குடைக்காரர் மேலே நின்று ஒவ்வொரு மூச்சையும் காதாரக் கேட்டார். பாட்டுக் கச்சேரி கேட்கிற மாதிரி கேட்டார்.

கயிற்றுக்கடைச் சந்தில் பின்னோக்கி நடந்தபடி பேச்சுவாக்கில் ஒரு கல்லை எறிந்து பார்த்தார். "அந்தக் காலத்துல தராசுல விளையாடின முதலாளிங்க உண்டுன்னு சொல்வாங்களே, ஐயா?"

கிழவர் தடியை ஊன்றி நிமிர்ந்தார். சம்பந்தி பக்கம் பார்த்துத்தான் பேசினார். "மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாது. எங்க கிடங்குல கணக்குப்பிள்ளை ஒருத்தன் ஏதோ தில்லுமுல்லு பண்ணினான். தெரிஞ்ச அன்னிக்கே துரத்திட்டேன். நான் தராசைத் தொட்டதே இல்ல. முதலாளி எதுக்குத் தராசைத் தொடணும்?"

"அப்பா அந்த விஷயத்துல நெருப்பு" என்றார் மகன்.

சம்பந்தி மரியாதையாகத் தலையாட்டினார். தராசைத் தொட்டதே இல்லை என்ற அந்த ஒரு வாக்கியத்தைக் காசு கொடுத்துக்கூடச் சிவப்புக்குடைக்காரரால் வாங்கியிருக்க முடியாது. பதினோரு பேர் முன்னிலையில் கிழவர் தானாக வாயைக் கொடுத்திருந்தார்.

கிடங்கு வந்ததும் டிக்கெட் வாங்குகிற சாக்கில் முன்னால் ஓடினார். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் மனைவி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

"என்னங்க… அது…"

"அவரேதான்."

"இன்னும் சாகலையா?"

"நமக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காரு."

அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டார். டிக்கெட்டுகளைக் கட்டிலிருந்து கிழித்தார். "பேசாமப் போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுடுங்களேன்."

"கேட்டா நான் சொல்றது பொய்யாயிடும். அவரே சொல்லணும். நான் குடையை மடக்கினதும் வாசல் மணியை அடி. ரெண்டே தரம்."

அந்த அம்மாளுக்கு விளங்கிவிட்டது. ஈயக்கட்டி வெளியே தெரிந்த பிறகு, அந்தக் கிடங்கில் வேலை பார்த்த எல்லோருக்கும், அவர்கள் வீட்டாருக்கும் அந்த மணிக்கு அர்த்தம் விளங்கியிருந்தது. அந்த நாளில் எடை அதிகாரி சந்து முனையில் தலை காட்டினால், வாசற்காரன் மணியை இரண்டு தரம் அடிப்பான். அதிகாரி உள்ளே வருவதற்குள் தராசு யோக்கியமாகிவிடும்.

"மணிக்கயிறு அறுந்தாலும் அடிக்கிறேன், போங்க" என்றார்.

தராசைப் பார்த்ததும் கூட்டத்துக்குக் குஷி வந்துவிட்டது. ஆள் நிற்கிற அகலத்துக்கு இரும்புத் தட்டு, மார்பு உயரத்துக்கு மரப்பெட்டி, அதன் மேல் எண்கள் செதுக்கிய நீளக் கம்பி, கம்பியில் நகர்கிற பித்தளைக் குண்டு. சிவப்புக்குடைக்காரர் சம்பந்தியைத் தட்டில் ஏறச் சொன்னார்.

"நானா? தராசு தாங்குமா?"

"யானைத் தந்தமே ஏறின தட்டு இது. ஏறுங்க. ஐயா, நீங்க இப்படி வாங்க. முதலாளி நிக்கிற இடம் இதுதானே? நீங்களே நிறுத்துச் சொல்லுங்க, பிள்ளைங்க பார்க்கட்டும்."

கிழவருக்கு முகம் மலர்ந்தது. பெட்டிக்கு இடது பக்கம் வந்து நின்றார். வலது கை பித்தளைக் குண்டைப் பிடித்தது. ஒரு தள்ளு, ஒரு தட்டு, ஒரு மயிரிழை பின்னால். கம்பி அசையாமல் நின்றது. பார்த்தவர்களுக்கு அது விரலா, வேறு ஏதாவது கருவியா என்று தோன்றும்.

"எண்பத்தெட்டு" என்றார்.

"ஆத்தாடி! எங்க வீட்டு மிஷின்ல தொண்ணூத்தி நாலு காட்டுது! இந்தத் தராசை நான் விலைக்கு வாங்கிக்கிறேன்" என்று சம்பந்தி கைதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிவப்புக்குடைக்காரர் குடையை மடக்கினார்.

டண். டண்.

கிழவருடைய கண் வாசல் பக்கம் பாய்ந்தது. இடது கை அவரைக் கேட்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் போயிற்று, ஓட்டைக்குள் நுழைந்தது, கொக்கியிலிருந்து எதையோ கழற்றியது, வெளியே வந்து நேராகச் சட்டைப் பையில் போட்டது. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, இருபது வருஷம் பழகின கை.

எடைக்கம்பி மேலே துள்ளி மோதியது. வெள்ளைச் சட்டையின் பை கனத்தில் தொங்கிக் கிழவருடைய நெஞ்சில் ஆடிக்கொண்டிருந்தது.

சிவப்புக்குடைக்காரர் நிதானமாகப் பித்தளைக் குண்டை நகர்த்தினார். "தொண்ணூத்தி நாலு. வீட்டு மிஷின் சரியாத்தான் இருக்குங்க."

முதலில் புரிந்தது சம்பந்திக்குத்தான். தட்டிலிருந்து இறங்கினார். சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "நானும் தராசு வெச்சுப் பொழைக்கிறவன். பைக்குள்ள என்னங்க அது, எடுங்க பார்க்கலாம்."

"இது… ஏதோ… நான்…"

"அப்பா, தொட்டதே இல்லைன்னீங்களே?" என்றார் மகன். குரல் உள்ளே போயிருந்தது.

"ஐயா தொடலைங்க. கை தொட்டுச்சு" என்றார் சிவப்புக்குடைக்காரர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: முத்திரை குத்திய பெட்டி, ஆறு கிலோ, பத்தொன்பது வாரம், கணக்குப்பிள்ளை. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைதான். அன்றைக்குப் பல் முளைத்திருந்தது.

கிழவர் ஈயக்கட்டியைத் தட்டில் வைத்தார். நிமிர்ந்து, பழைய குரலை வரவழைத்துக்கொண்டு, "நூறு பேர் வேலை பார்த்தானுங்க. யாரை ஞாபகம் வெச்சுக்க முடியும்? நீ யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார்.

"எப்படித் தெரியும்? என் மூஞ்சியை நீங்க பார்த்தாத்தானே!"

சிவப்புக்குடைக்காரர் திரும்பி நின்றார். மடக்கின குடையைப் பிடரிக்குக் குறுக்கே வைத்து, மூட்டை சுமக்கிற ஆள் மாதிரி இடுப்பு வரை குனிந்தார். பின்கழுத்தில், மூட்டைக்கொக்கி கிழித்த தழும்பு வெளுப்பாகத் தெரிந்தது.

கிழவருடைய தடி தரையில் தட்டியது. "வாயாடி…"

"ஆமா. அதே வாய்தான். இன்னிக்கு ஊரே காசு கொடுத்துக் கேக்குது."

மகன் பர்ஸைத் திறந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "எவ்வளவுங்க? வட்டியோட போட்டுச் சொல்லுங்க. இன்னிக்கே கொடுத்துடறேன்."

"வட்டி வேணாம் தம்பி. வட்டி வாங்கிட்டா உங்க அப்பா கடன்காரர் ஆயிடுவாரு. அது கௌரவமான பேரு. அவரு எடுத்தது எவ்வளவோ அவ்வளவு போதும். ஆயிரத்து நூத்தி நாப்பது. இன்னிக்கு உங்க கூட்டத்தைக் கூட்டிட்டு வந்ததுக்கு என் கூலியே அதைவிட ஜாஸ்தி. ஆனா அது உங்க பர்ஸுலேர்ந்து வரக்கூடாது. அவரு பையிலேர்ந்து, அவரு கையாலதான்."

"இவ்வளவு அவமானப்படுத்தணுமா?" என்றார் கிழவர்.

பதில் சம்பந்தியிடமிருந்து வந்தது. "கொடுத்துடுங்க. கொடுத்துட்டு வாங்க, அப்புறம் நாம பேச வேண்டியது இருக்கு." அந்த 'அப்புறம்' என்ற சொல்லில் மகன் கண்ணை மூடிக்கொண்டார்.

கிழவர் இடுப்புப் பையைத் தடவிப் பணத்தை எடுத்தார். சிவப்புக்குடைக்காரர் கையை நீட்டவில்லை. குடையால் டிக்கெட் ஜன்னலைக் காட்டினார்.

"எனக்கில்ல. அங்க. துவைச்சுக் கடனை அடைச்சது நான் இல்ல."

கிழவர் ஜன்னல் வரை நடந்தார். பதினோரு பேரும் பின்னால் போனார்கள். கம்பிக்கு நடுவில் உள்ளங்கை ஒன்று மலர்ந்து வெளியே நீண்டிருந்தது. ரேகை அழிந்து வழவழத்துப் போன, வயதான உள்ளங்கை.

கிழவர் கட்டை விரலை நாக்கில் தொட்டார். நோட்டுகள் மளமளவென்று விழுந்தன.

"மெதுவா" என்றார் அந்த அம்மாள். "எனக்கு அவசரம் இல்ல. நீங்களும் எங்கயும் போகப்போறதில்ல. முதல்லேர்ந்து."

எல்லாவற்றையும் திருப்பி எடுத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று… பதினொரு நூறும் ஒவ்வொன்றாக வந்து படுத்தன. பிறகு பத்துகள். கிழவருடைய உதடு எண்ணிக்கொண்டே வந்தது. "பத்து. இருபது. நாப்பது. சரியாப் போச்சு."

உள்ளங்கை மூடவில்லை.

சிவப்புக்குடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். சம்பந்தியும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பத்துரூபாய்த் தாள் மூன்றுதான் இருந்தது.

"முப்பதைக் காணோம். இன்னொன்னு வரணும்" என்றார் அந்த அம்மாள். குரலை உயர்த்தவே இல்லை.

கிழவர் தன் கையையே வெறித்துப் பார்த்தார். பிறகு விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்த நாலாவது பத்தைப் பிரித்து, அந்த உள்ளங்கையில் வைத்தார்.